பத்தொன்பது ஆணிகள்

நீங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கோந்த்வா வீட்டு மொட்டை மாடியில் கயிறு தாண்டிக்கொண்டே ஒரு பாட்டுப் பாடுவீர்கள். அதில் வார்த்தை கிடையாது, மராத்தி எண்கள் மட்டும்தான். "அக்ராஷே பேச்சாளீஸ்" என்று பெரியவள் இழுப்பாள். ஒரு மூச்சு நிறுத்துவாள். சின்னவன் அடுத்த எண்ணைச் சொல்லிக் குதிப்பான். கீழ்வீட்டுக்காரர்கள் அது ஏதோ பள்ளிக்கூட வாய்ப்பாடு என்று நினைத்திருந்தார்கள். உங்கள் அம்மாதான் அதைக் கேட்டாலே, "வேற பாட்டே தெரியாதா பிள்ளையளுக்கு" என்று அடுக்களையிலிருந்து சத்தம் போடுவாள். ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ் வாசிக்க உங்களுக்குத் தடுமாறும் என்று தெரியும். அதனால் சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுகிறேன். எனக்கும் அதற்கு மேல் வராது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்த காலம். நான் சாகணில் வண்டிகளுக்குக் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் டெம்பரரி ஃபிட்டர். ஏழு மாதம் வேலை கொடுப்பார்கள், பிறகு பத்து நாள் வீட்டில் உட்கார வைப்பார்கள். அதற்கு பிரேக் என்று பெயர். பத்து நாள் கழித்துப் புதிய ஆளைச் சேர்ப்பது போல் மறுபடி எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதினால் எந்தக் காலத்திலும் நாம் பழைய ஆள் ஆக மாட்டோம். ஐந்து வருடமாக நான் புதிய ஆளாகவே இருந்தேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் டைம் ஆபீஸ். அதன் வெளிச்சுவரில் ஒரு பெரிய மரப்பலகை, அதில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொரு ஆணியிலும் எண் அடித்த பித்தளை டோக்கன் தொங்கும். காலையில் எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும், மாலையில் மாட்டிவிட்டு வர வேண்டும். என் எண் அக்ராஷே ஏக்காவன், ஆயிரத்து நூற்று ஐம்பத்தொன்று. வேலை தொடங்கும் முன் சூப்பர்வைசர் எண்களை வாசிப்பார். நாங்கள் "ஹஜர்" என்போம். வந்திருக்கிறேன் என்று அர்த்தம். பெயரை யாரும் கூப்பிட்டதில்லை.

அந்த வருடம் சில பேர் சேர்ந்து, இந்த பிரேக்கை நிறுத்த வேண்டும் என்று ஒரு மனு எழுதினார்கள். கையெழுத்து வாங்குவதற்காக அதை ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டுக்கும் கொண்டுபோனவர் கேன்டீன்காரர். டீ ஊற்றுகிறவர், ஐம்பது வயதிருக்கும். டீத்தட்டுக்கு அடியில் தாளை வைத்துக்கொண்டு வருவார். தெற்கத்திக்காரர்கள் எல்லோரும் இங்கே அண்ணாதானே, என்னையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். என் முன்னால் தட்டை வைத்து, கண்ணால் தாளைக் காட்டினார்.

"நாளைக்குப் போடுறேன்" என்று இந்தியில் சொன்னேன்.

"நாளைக்கா? சரி அண்ணா" என்று சொல்லிவிட்டு எனக்கு அரை கிளாஸ் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாங்கள் போய் இறங்கியபோது பலகையில் பத்தொன்பது ஆணிகள் வெறுமையாக இருந்தன. முதல் பஸ் வரும்போது பலகை நிறைந்துதான் இருக்கும். கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கீழ்க்கண்ட டோக்கன் எண்கள் இன்று முதல் உள்ளே வரத் தேவையில்லை என்று மராத்தியில் ஒரு வரி, அதன்கீழ் மனுவில் கையெழுத்துப் போட்டவர்களின் எண்கள். எங்கள் பஸ்ஸில் வந்த இரண்டு பேரைக் காவலாளி பக்கத்திலேயே விடவில்லை. "நீ போய்ப் பாத்துச் சொல்லு" என்று அவர்கள் என்னை அனுப்பினார்கள். டிபன் பையில் கோவில் பாட்டு நோட்டு இருந்தது. அதில் எண்களை எழுதினேன். பஸ் உள்ளே நுழைவதற்காக வலது கதவைத் திறந்து சுவரோடு சாய்த்திருந்தார்கள். இடது கதவில் இருந்த தாளைப் பார்த்துத்தான் எழுதினேன். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது. ஆணியும் பத்தொன்பது. சரியாக இருந்தது.

திரும்பிப் போய் அவர்களிடம் சொன்னேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? என் டோக்கன் ஆணியில் இருந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்த நாளில் நான் கேம்ப் பகுதியில் நம் தமிழ்க் கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவில் பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடிக்கொண்டிருந்தேன். எனக்கு ஐந்து கோட்டு இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. திருநெல்வேலிப் பக்கத்துக் கோவில்களில் பழகினபடி டோ, ரே, மீயின் முதல் எழுத்தை வைத்து எழுதுகிற சோல்ஃபாதான் தெரியும். குழுவை நடத்தியவர் ஒரு அக்கா. மூன்று தலைமுறையாக கேம்ப்பில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வெளிநாட்டில் போய் மேற்கத்திய சங்கீதம் படித்து, தானே இசை எழுதுகிறவர். அதுவும் பூவும் நிலாவும் இல்லை. அணைக்காக ஊரைக் காலி செய்யச் சொல்லி அரசாங்கம் அனுப்பிய கடிதத்தை அப்படியே நான்கு குரலில் பாட வைத்தவர். அதற்காகச் சிலர், இது பாடகர் குழுவா கட்சி ஆபீஸா என்று கேட்டு விலகிப்போனார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆர்கன் வாசிக்கும்போது பார்த்தால் அப்படிப்பட்டவர் என்றே தெரியாது.

நோட்டீஸ் ஒட்டிய அந்த வாரம் நான் பயிற்சியில் தாளம் தப்பிக்கொண்டே இருந்தேன்.

"க்யா ஹுவா, என்ன ஆச்சு பிரதர்?" என்றார். "மூணு தடவை விட்டுட்டீங்க. வீட்ல எல்லாம் டீக்தானே, நல்லாருக்காங்கதானே?"

எல்லோரும் போன பிறகு சொன்னேன். நோட்டைக் காட்டினேன். பாட்டு எழுதிய பக்கத்திலேயே எண்களும் இருந்தன. அக்கா ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் படித்தார்.

"இந்த நம்பரைக் கூப்பிட்டா நீங்க என்ன சொல்வீங்க?"

"ஹஜர்னு சொல்லுவோம்க்கா."

"இதை நான் எடுத்துக்கலாமா? நேராவே கேக்குறேன். வேணாம்னா வேணாம்."

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்தில் எழுதி முடித்தார். பெண்கள் வாய் திறக்காமல் ஒரே ஸ்வரத்தில் மெஷின் ஓடுவது போல் முனகிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணாக ஒவ்வொருவர் பாடுவோம். ஒரு எண் முடிந்ததும் முனகலும் நின்றுவிடும். "ஹஜர்" என்று சொல்லப் பிடிக்கிற நேரம் அளவுக்கு மௌனம். பிறகு அடுத்த எண். ஒருவர், "அந்த இடத்துல நாமளே ஹஜர்னு பாடிட்டா நல்லாருக்குமே" என்றார். அக்கா தலையாட்டிவிட்டார். "அந்த வார்த்தை நம்மளோடது இல்ல. அவங்க இடம் காலியாத்தான் இருக்கணும்."

பேஸ் பாடுகிற நான்கு பேருக்கும் நான்தான் சோல்ஃபாவில் எழுதிக் கொடுத்தேன். வீட்டில் உட்கார்ந்து பாடிப் பாடி எழுதினேன். பெரியவளே, அப்போது உனக்கு ஐந்து வயது. என் முதுகில் சாய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுவிட்டாய். நான் கவனிக்கவில்லை.

எங்கள் குழு அதைப் பாட இருந்த கச்சேரிக்கு ஒரு வாரம் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் டைம் ஆபீஸர் நம் வீட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர். நாலு தெரு தள்ளித்தான் வீடு. என்னைக் கம்பெனியில் சேர்த்துவிட்டதே அவர்தான்.

"ஏனப்பா, ஊட்லதான் இருக்கறயா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தார். "பர்மனென்ட் லிஸ்ட் போடறாங்க. உன்ற பேரைக் குடுத்துருக்கேன். ரெண்டு போட்டோவும் ரேஷன் கார்டு காப்பியும் எடுத்துட்டு வா. ஃபாரத்துல கையெழுத்துப் போடு."

உங்கள் அம்மா அடுக்களை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐந்து வருடம். நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்போதுதான், பெரியவளே, நீ கட்டிலின் மேல் குதித்துக்கொண்டே பாட ஆரம்பித்தாய். அக்ராஷே பேச்சாளீஸ். ஒரு மூச்சு. அக்ராஷே பன்னாஸ். ஒரு மூச்சு.

அவர் டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். அந்த நோட்டீஸை டைப் அடித்தவர் அவர்தான். அடித்த வரிசையிலேயே நீ பாடிக்கொண்டிருந்தாய்.

"கண்ணு, இன்னொருக்கா பாடு."

நீ சந்தோஷமாக முதலிலிருந்து பத்தொன்பதையும் பாடினாய். நானோ உன் அம்மாவோ உன்னைத் தடுக்கவில்லை. தடுத்தால் என்ன அர்த்தம் ஆகும்?

"ஆரு சொல்லிக்குடுத்தாங்க அம்மிணி?"

"அப்பா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்தார். "எங்க பாடறீங்க?" என்று ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் ஹாலின் பெயரைச் சொன்னேன். என்றைக்கு என்றும் சொன்னேன். வேறு வழி இருக்கவில்லை. அவர் ஃபாரத்தையும் என் போட்டோவையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வரேனுங்க அம்மிணி" என்று உன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்குகிற சத்தம் நின்றது.

"ஏங்க" என்றாள் அம்மா. "உங்க போட்டோ அவுக சட்டைப்பையில இருக்கு. அது ஆபீஸுக்கும் போகும், குப்பைக்கும் போகும். போய் அந்த அக்காட்டச் சொல்லுங்க. நான் வரலன்னு சொல்லுங்க."

"பேஸ்ல நாலே பேர்தான்."

"நம்ம வீட்லயும் நாலே பேர்தான்."

அன்று சாயங்காலமே போனேன். அக்கா பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, எண்ணை மாத்திரலாம். ஒவ்வொண்ணுலயும் கடைசி இலக்கத்துல ஒண்ணு கூட்டிப் போட்டா யாருக்கும் தெரியாது. ராகம் அப்படியே இருக்கும்."

அவர் கோபப்படவில்லை. பென்சிலை எடுத்து முதல் எண்ணை மாற்றினார். ஆயிரத்து நூற்று நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்று ஆனது.

"இந்த நம்பர்ல யாராவது இருக்காங்களா?"

இருந்தார். பஸ்ஸில் என் பக்கத்து ஸீட். மூன்று பெண் பிள்ளைகள்.

அடுத்த எண்ணை மாற்றினார். ஐம்பது ஐம்பத்தொன்று ஆனது. "இது?"

அது என் எண். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"பாருங்க பிரதர். இதை எழுதினதுக்கு எனக்குக் கை தட்டுவாங்க. பேப்பர்ல போட்டாலும் என் பேர்தான் வரும். உங்களுக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியும். அதனால இதை நான் முடிவு பண்ண மாட்டேன். எடுன்னு சொல்லுங்க, ப்ரோக்ராம்லேர்ந்தே எடுத்துடறேன். உங்க மேல எனக்கு வருத்தமே இருக்காது. கசம் சே, சத்தியமா."

எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் போனேன். வாயில் வந்தது வேறு. "பாட்டு இருக்கட்டும்க்கா" என்றேன்.

"நீங்க?"

"தெரியல."

அந்த வாரம் முழுக்க டைம் ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது நான் தலையைக் குனிந்துகொண்டே போனேன். ஒவ்வொரு காலையும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கண் முதலில் என் ஆணிக்குத்தான் போகும். டோக்கன் இருக்கும். எடுக்கும்போது பித்தளை ஐஸ் மாதிரி இருக்கும். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மாலை. மத்தியானம் வரை நான் முடிவு செய்யவில்லை. உங்கள் அம்மா என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் போட்டிருந்தாள். நான் அதைப் பார்த்தேன்.

"என்ன பாக்குதீய? அன்னைக்குக் கையெழுத்து நாளைக்குன்னு சொல்லிட்டு வந்து மூணு நாளு சோறு உண்ணல. இன்னொரு தடவ அந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்குள்ள நடமாடாதீய, எனக்குப் பாக்க முடியாது" என்றாள். "நிக்கப் போறீயன்னா நேரா நில்லுங்க."

ஹாலில் நான் பின்வரிசை ஓரத்தில் நின்றேன். நான்காவது வரிசையில் டைம் ஆபீஸர் தனியாக உட்கார்ந்திருந்தார். கையைக் கட்டிக்கொண்டு. அவருக்கு இரண்டு வரிசை பின்னால் நீங்களும் அம்மாவும். சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். ஆகக் கடைசி வரிசையில், சுவரோரமாக, சாகண் ஆட்கள் எட்டுப் பேர். அக்காதான் சொல்லி அனுப்பியிருந்தார். ஏழு பேர் நோட்டீஸில் இருந்தவர்கள். எட்டாவது நம் கேன்டீன்காரர். சலவைச் சட்டை போட்டு, தொப்பியை மடித்து மடியில் வைத்திருந்தார். துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நானும் தலையாட்டினேன்.

முனகல் தொடங்கியது. முதல் எண்ணைப் பாட வேண்டியவன் நான். டைம் ஆபீஸரைப் பார்க்காமல் எதிர்ச்சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்துப் பாடினேன்.

அக்ராஷே பேச்சாளீஸ்.

முனகல் நின்றது. மௌனம்.

"ஹஜர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

அந்த எண்ணுக்கு உரியவர்தான், யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எண்ணைக் கேட்டதும் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவின் கை காற்றிலேயே நின்றது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி அடுத்த எண்ணைக் காட்டியது. பன்னாஸ். பதில் இல்லை. அந்த ஆள் வந்திருக்கவில்லை. அந்த மௌனம் பயிற்சியில் இருந்த மௌனமாக இல்லை. அடுத்தது. "ஹஜர்." இந்தத் தடவை சத்தமாகவே. அடுத்தது, இல்லை. அடுத்தது, இல்லை. அடுத்தது, "ஹஜர்."

இப்படியே பத்தொன்பதும். ஏழு குரல், பன்னிரண்டு மௌனம். டைம் ஆபீஸர் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் உதடு அசைவதை மட்டும் கடைசியில் கண்டேன்.

முடிந்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார், கேன்டீன்காரர். அக்கா குனிந்து வணங்கிக் கையைக் கீழே போட்ட பிறகுதான் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வயதான மனிதர், களைப்பு என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை என் டோக்கன் ஆணியில் இருந்தது. எடுக்கப் போனபோது ஜன்னல் திறந்தது.

"இங்க வா" என்றார் டைம் ஆபீஸர். ஒரு கவரை நீட்டினார். பர்மனென்ட் லெட்டர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"சனிக்கெழமையே மேல கையெழுத்து வாங்கிட்டேன். ஞாயித்துக்கெழமைக்கு அப்பறம்னா என்னால முடிஞ்சிருக்காது" என்றார். குரலைத் தாழ்த்தினார். "எல்லாம் சரியாத்தான் பாடுனீங்க. ஆனா பத்தொம்பதுதான் பாடுனீங்க."

"பத்தொம்பதுதானே சார்."

"இருவது. கேன்டீன் ஒம்பதுன்னு ஒரு டோக்கன். அவிங்களுக்குப் பலகை வேற, பின்னால கேன்டீன்ல. அதனால அந்த நம்பரைத் தனித்தாள்ல அடிச்சு வலது கதவுல ஒட்டுனோம். தாளைத் தூக்கிட்டுத் திரிஞ்சது அந்த மனுசந்தான? மொதல்ல அவனைத்தான் எடுக்கச் சொன்னாங்க." ஜன்னல் கதவில் கை வைத்தார். "நேத்துக் கடைசி வரைக்கும் காத்திருந்தேன், அந்த நம்பர் வரும்னு. வரல." ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து கேன்டீனில் வேறு ஆள் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். பழையவர் ஊருக்குப் போயிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவ்வளவுதான் நாங்கள் விசாரித்தது. இரண்டு மாதம் அந்த எண்களை எழுதினேன், பாடினேன். அவர் நினைப்பு ஒரு தடவைகூட வரவில்லை.

அன்று வேலை முடிந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு சாகண் சௌக் நாற்சந்திக்கு நடந்தேன். அவர் அங்கே டீ வண்டி போட்டிருப்பதாக அன்று விசாரித்தபோது ஒருவர் சொன்னார். இருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க அண்ணா, நல்லாப் பாடினீங்க" என்று கிளாஸைக் கழுவினார். நான் வலது கதவைப் பற்றிச் சொன்னேன். என் இந்தி அன்று மிகவும் உடைந்துபோயிற்று. அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கடைசியில வரும்னு நினைச்சேன் அண்ணா" என்றார். "நாங்க பின்பலகைதானே. தொண்டையெல்லாம் சரிபண்ணி வச்சிருந்தேன்."

அரை கிளாஸ் கூடுதலாக ஊற்றினார். அதைக் குடித்து முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

புதன்கிழமை அக்காவிடம் சொன்னேன். அவர் தாள்களையெல்லாம் பியானோ மேல் பரப்பி வைத்துப் பார்த்தார். "கடைசியில வெக்க முடியாது பிரதர். பாட்டு மூடிடுச்சு" என்றார். மறுபடி பார்த்தார். "முதல்ல வெக்கலாம். அவர்கிட்டேர்ந்துதானே ஆரம்பிச்சுது." அப்படியே எழுதினார். நானும் சோல்ஃபாவை முதலிலிருந்து எழுதினேன். மறுவருடம் வேறொரு ஹாலில் அந்தப் பாட்டு "கேன்டீன் நவூ", அதாவது கேன்டீன் ஒன்பது, என்று தொடங்கியது. முதல் எண்ணைப் பாடியவன் நான்தான். அவருக்குச் சொல்லப் போனபோது சௌக்கில் அந்த டீ வண்டி இல்லை. பக்கத்துக் கடைக்காரருக்கும் அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை.

அந்த லெட்டர் கொடுத்த சம்பளத்தில்தான் நீங்கள் படித்தீர்கள். அதை நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் கற்றது பழைய பாட்டு. போன மாதம் பெரியவள் தன் குழந்தையைத் தூங்கவைக்க அதையே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அக்ராஷே பேச்சாளீஸில்தான் தொடங்கினாய். தப்பு உன்னுடையது இல்லை. திறந்திருந்த கதவுக்குப் பின்னால் பார்க்காமல் நான் எழுதினது. இனிமேல் அதற்கு முன்னால் கேன்டீன் நவூ என்று பாடு. பாடிவிட்டு, ஒரு ஆள் ஹஜர் சொல்கிற அளவு நிறுத்து.

அப்புறம் மற்றதைப் பாடு.